செவ்வாய்க்கிழமைச் சுவர்

குதைபியாவில் கோல்ட் ஸ்டோருக்குப் பின்னால்
அரிசி மூட்டை அடுக்கக் கொடுத்த அறை.
எங்கள் சங்கத்தின் அலுவலகமும் அதுதான்.
ஒரு மேசை, நாலு சார்ஜர்,
வெடித்த பாதங்களுக்கு மருந்து கட்ட
நர்ஸ் மரிவிக் வரும்போது மட்டும் விரிக்கிற பாய்.

சவரிராயனிடம் படிவத்துக்காக முகவரி கேட்டேன்.
"மூணாவது தூண்" என்றார்.
கார் நிறுத்தும் கட்டடத்தின் அடித்தளத்தில்
நம்பர் பிளேட் இல்லாத வேனுக்கும் தூணுக்கும் நடுவே
ஒரு அட்டைப்பெட்டியை விரிக்கும் அளவு இடம்.

கேம்ப்பில் முதலில் கரண்டை வெட்டினார்கள்,
பிறகு தண்ணீரை.
பிறகு கதவுக்குப் பூட்டு.
காகிதத்தில் அவர் பெயருக்கு எதிரே
ஓடிப்போனவர் என்றிருக்கிறது.
"ஓடினது கம்பெனி, தங்கச்சி.
நான் நின்ன இடத்துலதான் நிக்கேன்."

ஊருக்கெல்லாம் கட்டடம் கட்டிக்கொடுத்து, என்று
நான் உருக்கமாக ஏதோ தொடங்கினேன்.
"கட்டடமெல்லாம் நான் கட்டல.
ஏசி டக்ட் போட்டவன்.
தகரம் வெட்டத்தான் தெரியும்."

சோற்றுப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டார்.
வக்கீல் வரும் சனிக்கிழமையைக் குறித்துக்கொண்டார்.
அவுட்பாஸ், அபராதம், டிக்கெட் என்று
நான் விரல் மடக்கியதையெல்லாம் கேட்டுவிட்டு
அவர் கேட்டது ஒன்றுதான்:
"அந்தச் சுவரு முன்னாடி
கொஞ்சம் நின்னு பேசிக்கிடட்டா?"

பச்சைப் பெயின்ட். ஒரு தினசரி காலண்டர்.
மூட்டைகளை இடப்பக்கம் தள்ளினோம்.
தலையை ஈரக்கையால் வாரிக்கொண்டு
"ரூம்லதான் இருக்கேன்" என்றார்
பெரியதாழையில் இருக்கும் பிரகாசியிடம்.

பொருளாளர் ஹபீப் ராவுத்தர் முகம் சுளித்தார்.
சோறு கொடுக்கலாம், பொய் கொடுக்கலாமா?
அன்றிரவு நெடுநேரம் வாதம்.
அடுத்த வாரம் அவரே
சுவருக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டார்.
எதுவும் பேசவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் சோற்றுக்கு ஒரு வரிசை,
சுவருக்கு ஒரு வரிசை.
சுவர் வரிசைதான் நீளம்.
ஒரே இஸ்திரிச் சட்டையை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு
தெலுங்கில் ஒரு ரூம், சிங்களத்தில் ஒரு ரூம்,
வங்காளத்தில் மூன்று.
எல்லாம் அந்த ஆறடிப் பச்சை.

ஒரு வெள்ளிக்கிழமை போன் ஸ்பீக்கரில் இருந்தது.
"ஏங்க, அந்தக் காலண்டர்ல ஒரு மாசமா
ஆடி இருபத்தேழு, செவ்வாய்க்கிழமையாவே இருக்கே?"
அவர் வாய் திறந்தார், சொல் வரவில்லை.
"சொந்த ரூம்ல இருக்குறவன்
தேதி கிழிக்காம இருப்பானா?"
சார்ஜர் பக்கம் குந்தியிருந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள்.
"அமலி வீட்டுக்காரருக்குப் பின்னாலயும்
இதே செவ்வாய்க்கிழமைதான்.
போன வாரமே நாங்க பேசிக்கிட்டோம்.
கேமராவைத் திருப்புங்க.
யாரு கூட இருக்கீகன்னு பாக்கணும்."

திருப்பினார்.
மரிவிக் மடியில் யாரோ ஒருவரின் குதிகால்.
பாதி சவரத்தில் நின்றுபோன இஜாஸ் பாய்.
பொட்டலங்களை எண்ணுவதுபோல் நடிக்கும் பொருளாளர்.
நான்.
ஒவ்வொருவராய்ப் பார்த்தாள்.
அவசரப்படவில்லை.
"ராத்திரி எங்க படுக்கீக?"
"மூணாவது தூணு."
சிக்னல் போய்விட்டதோ என்று நினைத்தேன்.
போகவில்லை, வினாடி எண் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் கடை திறக்குமுன் வந்து நின்றார்.
இருபத்தொன்பது தாளையும் மொத்தமாய்ப் பிய்க்கவில்லை,
ஒவ்வொன்றாய்க் கிழித்தார்.
ராகுகாலம், எமகண்டம், ஒரு பொன்மொழி,
எல்லாவற்றையும் வாசித்துவிட்டுக் கிழித்தார்.
அதன்பின் தினமும் வந்தார்,
அவுட்பாஸ் கைக்கு வரும்வரை
அறுபத்து மூன்று காலை.

அவர் போன மறுநாள்
நான் கிழிக்க மறந்துபோனேன்.

இப்போது மூன்றாவது தூணில் இருப்பவர் துர்கய்யா.
அவருக்குத் தமிழ் வராது, எனக்குத் தெலுங்கு வராது.
இன்று காலை வாசலில் நின்று
காலண்டரைச் சுட்டி,
காற்றில் ஒரு தாளைக் கிழித்துக் காட்டினார்.
நாற்காலியை நகர்த்தி வழிவிட்டேன்.